பஞ்சவர்ணம் கொடுத்த ஞானஸ்நானம்

பஞ்சவர்ணம் கரையான்சாவடிக்காரி. அவள் அப்பா மெயின் ரோட்டில் சோடாக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது வேறு தேசத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. தூரம் என்னவோ அதிகமில்லை. பஸ் ஏறினால் பூந்தமல்லி, பருத்திப்பட்டு, ஆவடி. ஆனால் கரையான்சாவடியில் எல்லாரும் ஒரே பேச்சுப் பேசுவார்கள். இங்கே வாசலுக்கு வாசல் ஒரு ஊர். சேலத்துக்காரர், வேலூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர், நாசரேத்துக்காரர். காலையில் ஃபேக்டரி சங்கு ஊதியதும் தெரு முழுக்க சைக்கிள் மணிச் சத்தமாக இருக்கும். அது ஓய்ந்தபிறகு வேப்பமரத்தடியில் பெண்கள் முறத்தோடு உட்காருவார்கள். மேனாம்பேட்டில் மகன் வெங்கட்டின் ஃபிளாட் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது இன்றைக்கும் அந்த மணிச் சத்தம் அவள் காதுக்குள் கேட்கிறது. கீழே ஐ.டி. கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்துத்தான் கேட்கிறது.

வந்த மறு வருஷமே அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை செத்துப் பிறந்தது. பூந்தமல்லியில் ஒரு நர்ஸிங்ஹோமில். அவள் மயக்கம் தெளிவதற்குள் புருஷன் கலியமூர்த்தியும் அவர் மாமாவும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாது. அதைப்பற்றிப் பேசுவதும் கிடையாது. கலியமூர்த்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மார்பில் கட்டிய பாலுக்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அது வற்றியதோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த வீட்டுக்கு அமல்ராஜும் அவர் மனைவி செபமாலையும் குடிவந்தது அதற்குப் பிறகுதான். கும்பகோணம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். செபமாலைக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. தனியாக இருக்கப் பயம். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு "அக்கா" என்று வந்து நிற்பாள். அவள் பேச்சே பஞ்சவர்ணத்துக்கு வேடிக்கை. கோயில் என்பாள், பூசை என்பாள், திருவிழா, தேர், மொட்டை என்பாள்.

"ஏய், இதெல்லாம் எங்க ஊட்ல பேசற பேச்சுடி," என்று பஞ்சவர்ணம் சிரிப்பாள்.

எதிர் பிளாக்கில் இருந்த ஞானசேகரன் வேறு மாதிரி. நாசரேத்துக்காரர், சீர்திருத்த சபை. அவர் சர்ச் என்பார், ஆராதனை என்பார், கர்த்தர் என்பார். செபமாலையின் ஆத்தா அதே சாமியைச் சர்வேசுரா என்று கும்பிட்டவள். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வந்ததும் அமல்ராஜும் ஞானசேகரனும் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வாதாடுவார்கள். மாதாவிடம் வேண்டலாமா கூடாதா, செத்தவர்களுக்கு செபம் செய்வதில் பிரயோஜனம் உண்டா இல்லையா, மனுஷன் மோட்சம் போவது விசுவாசத்தாலா, செய்கிற நல்ல காரியத்தாலா. இருட்டுகிறவரைக்கும் நடக்கும். கலியமூர்த்தி பீடியோடு நடுவில் நின்று கேட்பார். ஒருநாள் பஞ்சவர்ணம் கேட்டே விட்டாள்.

"ஒரே சாமிக்கு ஏன்யா இத்தினி பேரு, இத்தினி சண்ட?"

"சண்ட இல்லம்மா, சத்தியம்," என்றார் ஞானசேகரன். அமல்ராஜ் சிரித்துக்கொண்டே, "சண்டதான்," என்றார்.

செபமாலை ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு புயல் மழை பிடித்துக்கொண்டது. பருத்திப்பட்டு ஏரி தளும்பி ரோடெல்லாம் தண்ணீர். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வரவேண்டியவள் வரவில்லையே என்று பஞ்சவர்ணம் போய்ப் பார்த்தாள். செபமாலை சமையலறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வலி காலையிலேயே எடுத்திருக்கிறது. அவளுக்கு அது என்ன வலி என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ராணி குடையை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் ஜீப்போடு திரும்பி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். பஞ்சவர்ணம் தன் புடவைத் தலைப்பில் வாங்கித் துடைத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, மூச்சு இருக்கா?"

"கீதுடி. கொஞ்சமா கீது."

"அக்கா, தண்ணி எடு."

தாகம் என்று நினைத்து பஞ்சவர்ணம் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எனக்கில்லக்கா. பிள்ள தலைல ஊத்து. ஞானஸ்நானம் குடு."

பஞ்சவர்ணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி சொல்ற? நான் எப்டிடி? நான் உங்க ஆளு இல்லியே. உங்க சாமியார் இல்ல பண்ணணும்?"

"சாகப்போற பிள்ளைக்கு யாரு வேணா குடுக்கலாம். ஞானோபதேச வகுப்புல படிச்சிருக்கேன். என்னால எந்திரிக்க முடியலக்கா. போயிரப் போறா. ஊத்துக்கா!"

மறுபடி யோசிக்க நேரம் இருக்கவில்லை. ஒரு கையில் குழந்தையை ஏந்தி, மறு கையால் அந்த மெல்லிய உச்சந்தலையில் தண்ணீரை ஊற்றினாள். செபமாலை படுத்தபடியே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். பிதா. சுதன். பரிசுத்த ஆவி. சுதன் என்றால் யார் என்றுகூட அப்போது தெரியாது. பெயர் என்ன என்று செபமாலையிடம் கேட்டாள். "அன்னம்மா," என்றாள் செபமாலை. அது அவளைப் பெற்றவளின் பெயர். அன்னம்மா, அன்னம்மா என்று பஞ்சவர்ணம் காதருகில் கூப்பிட்டாள். குழந்தை ஒருதரம் கண்ணைத் திறந்து மூடியது.

ஜீப் வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை போய்விட்டது.

மறுநாள் காலை பங்குச் சாமியார் வந்தார். வயதானவர், கணுக்கால்வரை நனைந்த அங்கியோடு வந்து உட்கார்ந்தார். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று கேட்டபோது பஞ்சவர்ணம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம், போலீஸ் மாதிரி விசாரிக்க வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பயம்.

"தண்ணி தலையில பட்டு ஓடிச்சாம்மா?"

"ஓடிச்சு சாமி."

"என்ன சொன்னே?"

சொன்னாள். திக்கித் திக்கி, வரிசை மாறாமல் சொன்னாள்.

"ஊத்தும்போது மனசுல என்ன நெனச்சே?"

"நான் ஒண்ணும் நெனைக்கல சாமி. அவ என்னா கேட்டாளோ அது நடக்கணும்னு ஊத்தினேன். தப்பா?"

சாமியார் அமல்ராஜ் பக்கம் திரும்பிச் சொன்னார். "செல்லும். ஆதிகாலத்துல இதுக்காகப் பெரிய தகராறே நடந்திருக்கு. ஆப்பிரிக்காவுல ஒரு ஆயர், சபைக்கு வெளியில இருக்கிறவங்க குடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னார். செல்லும்னார் ரோமாபுரியில இருந்த பாப்பரசர். யார் கை ஊத்துதுங்கிறது பெரிசில்ல, யார் பேரால ஊத்துதுங்கிறதுதான்னு கடைசியில முடிவாச்சு. அன்னம்மா நம்ம பிள்ள. கல்லறையில வச்சு அடக்கம் பண்ணலாம்."

செபமாலை அப்போதுதான் அழுதாள். அதுவரை அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

விஷயம் கரையான்சாவடிவரை போய், மாமியார் கெங்கம்மாள் காதுக்கும் எட்டியது. அந்த வாரமே பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

"இன்னாடி, பாதிரி வேல பாத்துகினு கீறியாமே? தலைல மஞ்சத்தண்ணி ஊத்திகினு மாங்காட்டுக்குப் போயிட்டு வா மொதல்ல."

கலியமூர்த்தி அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார். "சாவக் கெடந்த கொயந்தைக்குத் தண்ணி ஊத்தினா எந்தச் சாமி கோச்சுக்கும்? நீ சும்மா இரு."

பஞ்சவர்ணம் மாங்காட்டுக்குப் போனாள். யாரும் சொல்லாமலே செவ்வாய்க்கிழமைதோறும் போகிறவள்தானே. அம்மன் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். அம்மன் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதோடு அவளுக்கு அந்தப் பயம் விட்டது. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பின்னால் வெங்கட் பிறந்து வளர்ந்து சேட்டை செய்தபோது, அவள் வலது கையை ஓங்குவாள், அப்படியே இறக்கிவிடுவாள். அன்னம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிய அந்தக் கையால் அடிக்க மனசு வராது. "இரு, வரேன்," என்று இடது கையால் ஒன்று போடுவாள். வெங்கட் இன்றைக்கும் மனைவி மைதிலியிடம் இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது செபமாலையிடம் கேட்டாள்.

"ஏன்டி, தண்ணி ஊத்தாமப் போற கொயந்த எங்க போவும்?"

செபமாலை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், படித்ததைச் சொன்னாள். "அதுக்குத் தனியா ஒரு எடம் இருக்காம்க்கா. நரகம் இல்ல. வேதன ஒண்ணும் கெடையாது. ஆனா கடவுள் முகத்தப் பாக்க முடியாதாம். அதுக்குத்தான் அன்னைக்கு உன்னய அப்படிக் கெஞ்சுனேன்."

பஞ்சவர்ணத்துக்கு முன்பே ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது செபமாலைக்குத் தெரியாது. பஞ்சவர்ணமும் சொல்லவில்லை. கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கிலிருந்து அந்த இடம் அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வலி இல்லாத, வெளிச்சம் இல்லாத, யாரும் வந்து எட்டிப் பார்க்காத ஒரு கூடம். நமக்கு அந்த வேதமே இல்லையே, நாம் ஏன் அதற்குப் பயப்படவேண்டும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையைச் சொல்லி, அவர்கள் சொன்னபடி ஊற்றி, அது பலித்தது என்றால், அவர்கள் சொல்லும் அந்த இடமும் இருக்கத்தானே வேண்டும்? ஒன்றை நம்பி ஒன்றை எப்படி விடுவது?

அவளுக்கு ஆறுதல் ஞானசேகரனிடமிருந்து வந்தது. அவருக்கே அது தெரியாது. அன்னம்மா விஷயமாகவே அமல்ராஜோடு ஒருநாள் வாதாடிக்கொண்டிருந்தார்.

"தண்ணியில என்னய்யா இருக்கு? எல்லாம் கிருபைதான். தண்ணி படலங்கிறதுக்காக ஒரு பச்சப் பிள்ளைய அவரு கைவிட்டுருவாரோ? நல்லாருக்கே ஒம்ம நியாயம்! பெத்தவளே விடமாட்டாளே, படைச்சவரு விடுவாரா?"

பஞ்சவர்ணம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதன்பிறகு அவள் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். அன்னம்மாவுக்கு செபமாலையின் வேதம். தன் பிள்ளைக்கு ஞானசேகரனின் வேதம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று இரண்டு ஆம்பிளைகள் தினம் சாயங்காலம் அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

வருஷங்கள் ஓடின. செபமாலைக்கு அப்புறம் நிஷா பிறந்தாள், வெங்கட்டோடு ஒரே ரிக்‌ஷாவில் பள்ளிக்கூடம் போனாள். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து கல்கல் பலகாரம் வரும், பொங்கலுக்கு இந்த வீட்டிலிருந்து பானையோடு போகும். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று இருவரும் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு அன்னம்மாவைப் பார்க்கப் போவார்கள். ரிட்டயரானதும் ஒவ்வொருவராகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஞானசேகரன் ஊருக்குப் போய், அங்கேயே போய்ச் சேர்ந்தார். அமல்ராஜை அன்னம்மா இருந்த கல்லறைத் தோட்டத்திலேயே வைத்தார்கள். செபமாலை கொரட்டூரில் நிஷா வீட்டுக்குப் போனாள். ஆனாலும் நவம்பரில் இருவரும் ஆவடியில் சந்தித்துக்கொள்வது நிற்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு கல்லறைத் திருநாளில், புதிதாக வந்திருந்த இளம் சாமியார் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை வைத்தார். பிரசங்கத்தில் குழந்தைகளின் கல்லறைகளைக் காட்டிப் பேசினார்.

"ஞானஸ்நானம் இல்லாம இறந்த குழந்தைங்க கடவுளப் பாக்க முடியாத ஒரு இடத்துக்குப் போகும்னு நம்ம முன்னோர் நம்பினாங்க. பழைய காலத்து வேத பண்டிதர் ஒருத்தர் ரொம்பக் கடுமையாச் சொன்னார். பின்னால வந்தவங்க, வேதனையாவது இல்லாம இருக்கட்டும்னு அதக் கொஞ்சம் தணிச்சாங்க. ஆனா திருச்சபை அத ஒருநாளும் விசுவாச சத்தியமா அறிவிச்சதில்ல. அது ஒரு கருத்து, அவ்வளவுதான். ரோமையில இறையியல் அறிஞர்கள் உக்காந்து யோசிச்சு, அந்தக் குழந்தைங்களும் கடவுள்கிட்ட இருக்காங்கன்னு நம்பிக்க வைக்க நமக்கு நல்ல காரணம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இங்க யாராவது அம்மா அந்தப் பயத்தோட இருந்தா, இன்னைக்கு அத எறக்கி வச்சிட்டுப் போங்க."

பஞ்சவர்ணம் பக்கத்தில் இருந்த கல்லறைத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அழுகை நிற்கவில்லை.

ஆனால் செபமாலையின் முகம் கறுத்துவிட்டது. பூசை முடிந்ததும் மெழுகுவத்தியைக்கூட ஏற்றாமல், "அப்ப அன்னைக்கு நாம பண்ணதுக்கு அர்த்தமே இல்லையா? தண்ணி ஊத்தலன்னாலும் போயிருப்பாளாமா? இதச் சொல்லத்தான் இத்தன வருஷம் ஆச்சா?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள். பஞ்சவர்ணம் ஏன் அழுகிறாள் என்று அவள் கேட்கவில்லை. விறுவிறுவென்று நடந்து ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

தினமும் சாயங்காலம் வரும் போன் அதோடு நின்றது. இவள் போட்டாலும் நிஷாதான் எடுத்தாள். "அம்மா படுத்திருக்காங்க பெரியம்மா." கோயிலுக்கும் போவதில்லையாம்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கொரட்டூரில் இறங்கினாள். செபமாலை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏந்திருடி. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். பூந்தமல்லி நர்ஸிங்ஹோம், செத்துப் பிறந்த பிள்ளை, கீரை ஆய்ந்த அன்றைக்குக் கேட்டது, அந்தக் கூடம், எல்லாம். செபமாலை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கேட்கக் கேட்க அவள் கை பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இத்தன வருஷமாவாக்கா? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தத..."

"நீ இன்னா பண்ணுவே? உனுக்குக் குடுத்தத நீ சொன்னே. வுடு அத்த."

"ஆனா சாமியார் சொன்னது நெசம்னா அந்தத் தண்ணி எதுக்குக்கா?"

பஞ்சவர்ணம் யோசித்துத்தான் பேசினாள். "எனக்குத் தெர்ல செபமாலே. ஆனா ஒண்ணு. எம் புள்ள வந்தப்ப யாரும் அவனத் தொட்டுக் கூப்புடல. துணியச் சுத்தி எடுத்துகினு பூட்டாங்க. உம் பொண்ணுக்கு ஒருத்தி மடி இருந்துச்சு, தல நனைஞ்சிச்சு, பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க, கண்ணத் தொறந்து பாத்துச்சு. மோட்சத்துக்கு டிக்கெட்டா அது? இல்லாங்காட்டி போவுது. அந்த ஒரு நாளைக்கு அவளுக்குன்னு நம்மால ஆனது அது. பண்ணோம்ல?"

"காப்பி குடிக்கிறியா?" என்றாள் செபமாலை. அவளே எழுந்து போய்ப் போட்டாள். டம்ளரை நீட்டும்போது, "அவனுக்கும் சேத்துப் பூசைக்குச் சொல்றேன்க்கா. பேரு என்ன?" என்று கேட்டாள்.

பிள்ளைக்குப் பேரே வைக்கவில்லையே.

வீட்டுக்கு வந்து கலியமூர்த்தியிடம் கேட்டாள். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையைப்பற்றி இத்தனை காலத்தில் இருவரும் பேசியதே கிடையாது. அவர் எரிந்து விழுவார், அல்லது எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"பூபாலன்."

"இன்னாது?"

"பூபாலன்னு வெக்கணும்னு இருந்தேன். பொதைக்கறப்ப அதான் சொன்னேன். மாமா அப்பால போயிருந்தாரு. போயிட்டு வாடா பூபாலான்னு சொன்னேன்."

பஞ்சவர்ணம் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. கேட்டா அழுவியேன்னு நானும் சொல்லல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "நல்ல முடி இருந்துச்சு. உன்ன மாரி சுருட்ட."

அன்றைக்கு இருவரும் சாப்பிட உட்கார நேரமாகிவிட்டது. மைதிலி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே பூசை வைத்தார்கள். கொரட்டூரில் செபமாலை போகும் கோயிலில், விடிகாலைப் பூசையில், யார் யாருக்காகப் பூசை என்று கருத்துகள் வாசித்தபோது அன்னம்மா, அமல்ராஜ், பூபாலன் என்று மூன்று பெயர்களும் சேர்ந்து வந்தன. கலியமூர்த்தி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பேர் வாசித்தபோது மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

பூசை முடிந்து மூவரும் ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடைக்குப் போனார்கள். ஏரிக்காற்று சில்லென்று வீசியது. செபமாலைக்கு முட்டி வலி; மெதுவாகத்தான் நடந்தாள். வழியெல்லாம் கலியமூர்த்தி அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டியபோது எதற்கு மணி அடித்தார்கள்? அது வெறும் அப்பமா, நிஜமாகவே சாமியா?

"நிஜமாவே," என்றாள் செபமாலை.

"ஞானசேகரன் அப்டிச் சொல்ல மாட்டாரே?"

"அவரு சொல்ல மாட்டாரு. அவரு இருந்தா இன்னைக்கு இட்லி ஆறிப்போகும்."

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். கடைக்காரர் மேஜையைத் துடைத்து இலையைப் போட்டார்.